கட்டிலுக்கடியில் இருபத்தொன்பது பாட்டில்கள்

1

போன வாரம் எங்கள் ஆலையில் கொடியேற்றினார்கள். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மேலாளர் பேசினார், கை தட்டினோம், ஆளுக்கு ஒரு துண்டு கேக் கிடைத்தது. நான் கேக்கை வாயில் வைக்கிற நேரம் பார்த்துத் தராசுக் கிராணி சூசை கேட்டான். மேசையில் இருந்த ஒன்பது பேருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"ஏன் கிராணியாரே, போன வருஷம் நீங்க காய்ச்சின பீரு இன்னும் நுரைச்சு முடியலையா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. வண்டியில் கொண்டு வரும்போது பாட்டில்கள் உடைந்துவிட்டன என்று நான் முதலில் சொல்லியிருந்தேன். பிறகு மனைவி கொட்டிவிட்டாள் என்றேன். ஒருமுறை திருடு போனதாகவும் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் சூசை வரிசை மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறான். உண்மையை அவனுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். நாளைக்கு என் சாப்பாட்டு மேசைக்கு வரப் போவதில்லை.

கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. ரப்பரைக் கித்தா என்பார்கள். நான் மன்னார்குடியிலிருந்து இருபது வயதில் கப்பல் ஏறியவன். பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கித்தா ஆலையில், தோட்டங்களிலிருந்து வரும் பாலை அளந்து எழுதிக்கொள்கிற கிராணி. குடியிருப்பது மலாக்கா டவுனில், காஜா பெராங்கில், தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில். வீட்டில் மூன்று பேர். மனைவி கமலம் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மகள் வசந்தா மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள்; ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். இருவருக்கும் இந்த மண்ணே சாட்சி. அந்த வீட்டில் வெளிநாட்டான் நான் ஒருவன்தான்.

போன வருஷம் வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. துரைமார் மூட்டை கட்டத் தொடங்கியதும் எல்லோரும் கவலைப்பட்டார்கள். இனி ஆலை வேலை எல்லாம் நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்று பேச்சு வந்தது. நானும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டேன். நாலு பக்கத் தாள். ஒரு பக்கத்தில் மலாய் மொழி தெரியுமா என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் நன்னடத்தை. போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து இரண்டையும் விசாரித்துப் போவார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

இப்படி ஒரு விசாரணை காத்திருக்கிற வீட்டில், லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சுகிற முட்டாள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் பிற்பாடு யோசித்ததுண்டு. இன்னொருவன் எனக்குத் தட்டுப்படவில்லை.

2

எல்லாம் வாயால் வந்த வினை.

எங்கள் ஆலை இஞ்சினியர் வில்கின்ஸ் துரை தன் பங்களாவில் சொந்தமாக பீர் காய்ச்சிக் குடிக்கிறவர். கடையில் விற்பது பீர் இல்லை, பீரைப் பற்றிய வதந்தி என்பார். அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் எங்களை அழைத்து விருந்து வைத்தார். எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். கசந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

"நான் போய்விட்டால் இனி இங்கே இதைக் காய்ச்ச ஆளில்லை. பொறுமை வேண்டும். தினமும் கவனிக்க வேண்டும்," என்றார் துரை.

நான் சும்மா இருந்திருக்கலாம். சூசை என் பக்கத்தில் நின்றான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை. "இருபது வருஷமாகக் கித்தாப் பால் உறைவதைக் கவனித்தவன் நான். இது வெறும் சீனித் தண்ணீர். நாட்டை நாமே ஆளப் போகிறோம், பீரை நாமே காய்ச்ச முடியாதா? சுதந்திரத்தன்று என் சொந்த பீரை நம் ஆட்கள் எல்லோருக்கும் ஊற்றுகிறேன்," என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். துரை இன்னும் பலமாகத் தட்டினார். மறுநாள் என் மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது.

அதில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, மால்ட் பாகு இரண்டு டின், கசப்புக்குப் போடுகிற காய்ந்த பூ ஒரு பொட்டலம், ஈஸ்ட் ஒரு பாக்கெட், மூடி அமுக்கும் இரும்புக் கருவி ஒன்று, டைப் அடித்த குறிப்பு இரண்டு பக்கம். சர்க்கரையை அளக்கிற கண்ணாடி மிதவைக் குச்சியும் பட்டியலில் இருந்தது. பெட்டிக்குள் அது பதினேழு துண்டாக இருந்தது. துரைக்கு நான் நன்றிக் கடிதம் எழுதினேன்.

அந்தக் குறிப்பில் ஒரு வரிக்கு அடியில் அவர் இரண்டு கோடு போட்டிருந்தார். குச்சியின் எண் நாளுக்கு நாள் இறங்கும். அடிமட்டத்துக்கு வந்து மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். எண் மேலே இருக்கும்போது அடைத்தால் பாட்டில்கள் வெடிக்கும்.

பாட்டில் வெடிப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் என் தகப்பனார் சோடாக் கடை வைத்திருந்தவர். கோலி சோடாவை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் சுற்றுவார்கள். கூண்டுக் கதவைச் சரியாகப் போடாத ஒரு நாள், ஒரு பாட்டில் உடைந்து என் சித்தப்பாவின் இடது புருவம் இரண்டாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுகிற மாதிரியே இருப்பார். கடையை நீ எடுத்துக்கொள் என்று தகப்பனார் சொன்ன மாதத்தில்தான் நான் கப்பலுக்குச் சீட்டு வாங்கினேன். பிழைக்க வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காய்ச்சினேன். தண்ணீர், மால்ட் பாகு, சீனி, பூ எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் கொதித்தது. தெருவே ஆஸ்பத்திரி மருந்து மாதிரி மணத்தது. கமலம் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு பின்கட்டில் நின்றாள்.

"யாராச்சும் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கஷாயம்னு சொல்லு."

"நாலு காலனா? யானைக்கா?"

அடுப்பிலிருந்து இறக்கி, சீக்கிரம் முடியட்டும் என்று சுடச்சுட ஈஸ்டைத் தூவினேன். ஜாடியில் ஊற்றி, வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, ஒரு குழாயைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விட்டேன். ஈஸ்ட் வேலை செய்தால் அந்தத் தண்ணீரில் குமிழி வர வேண்டும். ஒரு நாள் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆலையிலிருந்து சைக்கிளில் வரும்போதே குமிழி வந்திருக்குமா, குமிழி வந்திருக்குமா என்று பெடலை மிதித்தேன். வரவில்லை. ஜாடியை ஆட்டினேன். தட்டினேன். "வா" என்று கூப்பிட்டேன். வசந்தா பார்த்துவிட்டாள்.

"அப்பா, அதுக்குத் தமிழ் தெரியாதுப்பா. வெள்ளைக்காரன் சாமான்."

கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே மீனாட்சி பீபி இருக்கிறார்; வயதில் மூத்த பெண்களை அவர்கள் பீபி என்பார்கள். எங்கள் தெருவில் பல தலைமுறையாக இருக்கிற மலாக்காச் செட்டி வம்சம், அந்தக் காலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வழி. முருகனைக் கும்பிடுவார், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பார், ஆனால் தமிழ் வராது. வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். தாப்பாய் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தாப்பாய் என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்கிற இனிப்பு. சோறு வடித்து, ராகி என்கிற புளிப்பு மாவு உருண்டையைப் பொடித்துத் தூவி மூடி வைப்பார்கள். மூன்றாம் நாள் தேன் மாதிரி ஊறும்.

பீபி வந்து ஜாடியைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராகி போடும்போது எவ்வளவு சூடு?"

"கொதிக்கக் கொதிக்க."

அவர் என்னை, குழந்தையைக் கீழே போட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது உயிருள்ளது. நீங்க கொன்னுட்டீங்க."

பிறகு வீட்டுக்குப் போய் வெள்ளை உருண்டை நாலு கொண்டு வந்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. தானே பொடித்துப் போட்டார். போகும்போது ஒரு நிபந்தனை விதித்தார். தாப்பாய் ஊறுகிற அறையில் சண்டை போடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, கேலி பேசக் கூடாது. பேசினால் புளித்துவிடும்.

முதல் இரண்டும் எனக்குப் பரவாயில்லை. மூன்றாவதைக் கேட்டதும் கமலம் பீபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பீபி, அந்த ஜாடிய அவரோட கட்டில்கிட்டயே வெச்சுடலாம்," என்றாள். மலாயில்தான் சொன்னாள். எனக்கு நன்றாகப் புரிந்தது.

மறுநாள் காலை குமிழி வந்தது. ப்ளக், ப்ளக் என்று ஒரு தவளை மாதிரி. நான் தூக்கத்திலிருந்து எழுந்து அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எட்டு நாள் என் வீட்டில் கேலி இல்லை. அந்த மாதிரி ஒரு நிம்மதியைக் கல்யாணமானதிலிருந்து கண்டதில்லை என்று கமலம் இன்றைக்கும் சொல்கிறாள்.

4

அந்த எட்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மலாய்ப் பாடம் நடந்தது. ஆசிரியை வசந்தா.

எனக்கு மலாய் வரும். இருபத்தேழு வருஷமாகக் கடலோரத்து உஜோங் பாசிர் மீன்காரர்களோடு பேரம் பேசிக் கற்ற மலாய் அது. மீனின் கண், செவுள், விலை இவற்றைப் பற்றி எந்த அதிகாரியிடமும் நான் எவ்வளவு நேரமும் பேசுவேன். அதிகாரி மீனைப் பற்றிக் கேட்பாரா என்பதுதான் சந்தேகம்.

"அப்பா, ஆபீசர்கிட்ட 'லூ'ன்னு சொல்லாதீங்க. அது நீங்க மீன்காரன்கிட்ட சொல்ற 'நீ'. 'தூவான்' சொல்லணும்."

"சரி. தூவான்."

"உங்களைச் சொல்லும்போது 'குவா' இல்லை. 'சாயா'. எங்க, சொல்லுங்க பாப்போம்."

இருபத்தேழு வருஷமாகக் குவாவாக இருந்தவன் ஒரே வாரத்தில் சாயாவாக மாறுவது லேசில்லை. ரசம் ஊற்றுகிற கமலம் சிரிப்பை அடக்க முடியாமல் ரசத்தைச் சாதத்துக்கு வெளியே ஊற்றினாள்.

வசந்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து என் தங்கை கடிதம் போட்டால் நான்தான் படித்துக் காட்டுகிறேன். மகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பாள். இரண்டாம் வரியில் கொட்டாவி விடுவாள். "அத்தைக்கு நாலு வரி எழுதும்மா," என்றால், "என்னப்பா எழுதறது? நான் அவங்களைப் பாத்ததே இல்லையே," என்பாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லித்தருவதில் காட்டாத அக்கறையை அவள் எனக்கு மலாய் சொல்லித்தருவதில் காட்டினாள். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டாள். திரும்பச் சொல்லச் சொல்வாள். ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

"பேப்பர் கிடைக்கலன்னா அப்பா நீங்க என்ன செய்வீங்க? மன்னார்குடிக்குத் திரும்பிப் போயிடுவீங்களா?"

"போய்ச் சோடாக் கடை வைப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. "நாங்க வரமாட்டோம்பா," என்றாள். எந்த மொழியில் யோசித்துச் சொன்னாளோ, தமிழில் வந்தபோது அது அவ்வளவு நேராக இருந்தது. அன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் பாடம் படித்தேன்.

5

இனி என் பெரிய புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

துரையின் மிதவைக் குச்சி உடைந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆலையிலும் ஒரு மிதவைக் குச்சி உண்டு. அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் எண்கள். தோட்டத்துக்காரன் கொண்டு வருகிற பாலில் கித்தா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அதை மிதக்கவிட்டுத்தான் பார்ப்போம். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, குச்சியை விட்டு, வருகிற எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். என் கை அதைத் தூக்கத்திலும் செய்யும். குச்சி குச்சிதானே என்று பழையது ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதல் நாள் பீரில் ஒரு பங்கு எடுத்து, பழக்கத்தில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, குச்சியை விட்டேன். எண்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே காற்றில் நின்றன. அதாவது ஒன்றுமில்லை. சர்க்கரையே இல்லையோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கால் என்று காட்டியது. ஐந்தாம் நாள் அரை. ஏழாம் நாள் அதற்கும் மேல்.

துரையின் குறிப்பில் எண் இறங்கும் என்று இருந்தது. என் எண் ஏறிக்கொண்டிருந்தது. நான் மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். பயமும் மூன்றால் பெருகியது.

உட்கார்ந்து யோசித்தேன். சர்க்கரையை ஈஸ்ட் தின்ன வேண்டும். என் ஜாடியில் சர்க்கரை நாளுக்கு நாள் கூடுகிறது. அப்படியானால் அது தின்னவில்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்க்கிறது. பீபியின் ராகி அரிசியைத் தேனாக்குகிற சரக்கல்லவா? அதன் வேலையே இனிப்பை உண்டாக்குவதுதான் என்று முடிவுக்கு வந்தேன். எட்டாம் நாள் குமிழியும் நின்றது. எண் உச்சியிலேயே நின்றுவிட்டது. இது தூங்குகிற எரிமலை என்று கமலத்திடம் சொன்னேன்.

"அப்ப கொட்டிடுங்க."

"சூசைகிட்ட என்ன சொல்றது?"

"எரிமலைன்னு சொல்லுங்க."

கொட்டியிருக்கலாம். ஆனால் இன்னும் இறங்கும், இன்னும் இறங்கும் என்று தினமும் குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. அப்போதுதான் குடியுரிமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. வியாழக்கிழமை பிற்பகல் போலீஸ் சார்ஜன் ஹாஷிம் என்பவர் விசாரணைக்கு வருவார். நான் வீட்டில் இருக்க வேண்டும்.

அன்று செவ்வாய். நாலு காலன் ஜாடியை அந்தச் சின்ன வீட்டில் எங்கேயும் மறைக்க முடியாது. பாட்டில்களை மறைக்கலாம். வேறு வழியில்லாமல் அன்றைக்கே எல்லாவற்றையும் பாட்டிலில் ஊற்றினேன். துரை எழுதியபடி நுரைக்காக ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டி சீனி போட்டு மூடியை அமுக்கினேன். ஒவ்வொரு மூடிக்கும் சித்தப்பாவின் புருவம் ஞாபகம் வந்தது. மொத்தம் இருபத்தொன்பது பாட்டில். வீட்டில் அகலமான மறைவிடம் ஒன்றுதான் உண்டு: முன்னறைக் கட்டிலின் அடி. ஈரச் சாக்கை மேலே போட்டுப் போர்வையைத் தரை வரை தொங்கவிட்டேன்.

6

வியாழக்கிழமை நல்ல வெயில். தகரக் கூரை சூடேறி டிக் டிக் என்று சத்தம் போட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் நான் எழுந்து நின்றேன். கமலம் சாமி படங்களைக் காலையிலேயே சமையலறைக்கு மாற்றிவிட்டாள். என்னை மாற்றவில்லை.

சார்ஜன் ஹாஷிமுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. வாசலில் காலணியைக் கழற்றினார். கையில் ஒரு கோப்பு. அவருக்கென்று நாற்காலியை ஜன்னல் ஓரம், கட்டிலிலிருந்து எட்ட, போட்டு வைத்திருந்தேன். அவர் நாற்காலியின் காலைப் பார்த்தார். அது கொஞ்சம் ஆடும். நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தூவான், இங்கே காற்று வரும்," என்றேன்.

"இங்கேயும் வருகிறது," என்றார்.

கமலம் காப்பி கொண்டு வந்தாள். சமையலறை வாசலிலிருந்து கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வசந்தா மட்டும் கதவோரம் நின்றாள், நான் தப்பாகப் பேசினால் உதட்டை அசைத்துத் திருத்துவதற்காக.

பெயர், தகப்பன் பெயர், எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று கேட்டார். சாயா, தூவான் என்று சரியாகவே சொல்லி வந்தேன். வசந்தாவின் முகம் மலர்ந்தது. ஊருக்குப் பணம் அனுப்புகிறீர்களா என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் சண்டை உண்டா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே காலைப் பின்னுக்கு இழுத்தார். குதிகால் பட்டது. போர்வைக்குப் பின்னால் கிணிங் என்றது.

அவர் கேள்வியை நிறுத்தவில்லை. ஆனால் இரண்டாம் தடவையும் பட்டது. இந்தத் தடவை ஒரு பாட்டில் இன்னொன்றின் மேல் சாய்ந்து உருளுகிற சத்தம்.

அவருடைய கால்களைப் பார்த்தேன். காக்கி நிறக் காலுறை. இடது குதிகாலில் யாரோ அதே நிறத்து நூலைத் தேடிப் பிடித்து, கவனமாகத் தைத்திருந்தார்கள். அந்தத் தையலுக்கும் என்னுடைய பாட்டிலுக்கும் நடுவே நாலு அங்குலம்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து போய்விடுவார், என் காகிதமும் வந்துவிடும். அல்லது ஒரு பாட்டில் முந்திக்கொள்ளும். வாயைத் திறந்தால் காகிதம் போச்சு. மகள் இந்த ஊர்க்காரி, நான் விருந்தாளி. இதையெல்லாம் நான் நிதானமாக எடைபோட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது என்னவென்றால், அவர் போர்வையை விலக்கக் குனிந்தார், நான் எழுந்து நின்று கத்தினேன்.

"லூ ஜாங்ஙான் கெராக்!"

நீ அசையாதே என்று அர்த்தம். மீன்காரன் மலாய். கதவோரத்தில் வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீழே இருக்கிறது. வெடிக்கும்," என்றேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலச் சட்டம் இன்னும் நடப்பில் இருந்த நேரம் அது. ஒரு போலீஸ்காரரிடம் கட்டிலுக்கு அடியில் வெடிக்கும் பொருள் இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்பது சொல்லிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கை இடுப்புக்குப் போனது. முகத்தில் அந்த மெதுவான களை இல்லை.

"வெடிகுண்டு இல்லை தூவான், சீனித் தண்ணீர், சீனித் தண்ணீர்," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. துரையின் விருந்திலிருந்து தொடங்கினேன். சூசையைச் சொன்னேன். சுடச்சுடப் போட்டு ஈஸ்டைக் கொன்றதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு பீபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் தாப்பாய்க்கு உள்ளதைத்தான் கொடுத்தார் என்று சொன்னேன். கித்தாக் குச்சியை எடுத்துக் காட்டினேன். எண் ஏறியதை, மூன்றால் பெருக்கியதை, சோடாக் கடையை, சித்தப்பாவின் புருவத்தைச் சொன்னேன். புருவத்துக்கு மலாயில் வார்த்தை தெரியாமல் என் புருவத்தையே காட்டினேன். லைசென்ஸ் இல்லை என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை. கடைசியில், "நீங்கள் முதலில் வெளியே போய்விடுங்கள் தூவான், பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன்.

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீளமான மலாய் அது.

சார்ஜன் ஹாஷிம் வெளியே போகவில்லை. கையை நீட்டிக் குச்சியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கள் அப்பாவுக்கு ஆலோர் காஜா பக்கம் நாலு ஏக்கர் கித்தா," என்றார். "பள்ளிக்கூடம் போகுமுன் பால் அளந்து கொடுத்துவிட்டுத்தான் போவேன். இந்த எண்கள் கித்தாவுக்கு. சரியா? கித்தா தண்ணீரைவிட லேசு. கித்தா அதிகமாக இருந்தால் குச்சி ஆழமாக இறங்கும், எண் கூடும்."

"ஆமாம் தூவான்."

"சீனி தண்ணீரைவிடக் கனம். சீனி குறைந்தால் தண்ணீர் லேசாகும். அப்போதும் குச்சி ஆழமாகத்தான் இறங்கும். அப்போதும் எண் கூடும்." குச்சியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "பாட்டிலில் அடைக்கும்போது உங்களுடைய எண் எத்தனை நாளாக நின்றிருந்தது?"

"நாலு நாளாக."

"அப்படியானால் நீங்கள் அடைப்பதற்கு முன்பே உங்கள் சீனி தீர்ந்துவிட்டது. இது வெடிக்காது, இஞ்செ. நான் இதைக் குடிக்காதவன். ஆனால் கணக்கு கணக்குதான்." இஞ்செ என்றால் ஐயா.

இருபது வருஷம் அந்தக் குச்சியைப் பிடித்தவன் நான். சமையலறையிலிருந்து கமலத்தின் குரல் மட்டும் வந்தது. "படத்தையெல்லாம் திரும்ப மாட்டலாமா?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பைத் திறந்து நீண்ட நேரம் எழுதினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுந்து காலணியைப் போடும்போது சொன்னார்: "லைசென்ஸ் சமாச்சாரம் சுங்கத்துறை. நான் வந்தது ஒரு ஆளை விசாரிக்க. சாயந்திரத்துக்குள் இதையெல்லாம் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களிடமும் இவ்வளவு மலாய் பேச வேண்டியிருக்கும்."

7

கொட்டினேன். ஒவ்வொன்றாக, வெடிக்காது என்று தெரிந்த பிறகும் ஈரச் சாக்கில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். கடைசிப் பாட்டிலில் ஒரு வாய் குடித்தேன். துரையின் பங்களாவில் கசந்த அதே கசப்பு. சரியாக வந்திருந்தது. மீதியையும் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மீனாட்சி பீபி, யார் சண்டை போட்டது என்று கேட்டார்.

சுதந்திர நாள் வந்தது. ஆலை ஆட்கள் கிளாஸைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பது சூசைக்கு மனப்பாடம்.

காகிதத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வசந்தா எனக்கு முன்னால் ஓடுவாள். வெறுங்கையோடு வந்து பாடப் புத்தகத்தை எடுப்பாள். அந்த நாட்களில் அவள், பேசியது போதும், இனி ஆபீசரிடம் எழுத்தில்தான் பேச வேண்டும் என்று எனக்கு மலாய் எழுதவும் சொல்லித்தந்தாள். பிறகு ஒரு காலையில் அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தாள் வந்தது. மூவரும் போனோம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞன் என் கோப்பைத் திறந்தான். சார்ஜன் எழுதிய பக்கத்தில் நிறுத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினான். காட்டக் கூடாதோ என்னவோ.

மலாய்ப் பேச்சு: சரளம். நடத்தை: நல்லது, கேட்காததையும் சொல்லிவிடுவார். குறிப்பு: மிக எளிதில் பயப்படுவார்.

அதற்குக் கீழே குடியுரிமை சரி என்று முத்திரை விழுந்திருந்தது. வசந்தா அந்த மூன்று வரியையும் தன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல்.

கமலம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை எழுதறதுக்கு அஞ்சு மாசமா? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே."